மாசானத்தின் ஓலையில் விழுந்த ஓட்டை

சத்தியமாகச் சொல்கிறேன், இந்தக் கதையில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய்யாக இருந்தால் இன்று நான் சாப்பிடும் சோற்றில் கல் கிடக்கட்டும். கல் கிடந்துவிட்டால் அது அரிசி புடைத்தவர்கள் குற்றம், அதைக் கொண்டுவந்து இதோடு சேர்க்கக் கூடாது. கேளுங்கள்.

அந்தக் காலத்தில், பூச்சி பொட்டெல்லாம் மனிதரோடு நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போன காலத்தில், எழுதும் ஓலையில் ஓட்டை கிடையாது. ஓலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பெட்டியில் வைத்து மூடிவிடுவார்கள். படிக்க எடுத்தால் அதோடு சரி. மனசு கண் வழியாக உள்ளே இறங்கிவிடும். கடைசி ஓலையின் கடைசி எழுத்து முடியும்வரை வெளியே வர வழியே இல்லை. பந்தலில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்த ஒரு மாப்பிள்ளை தலை நிமிர்ந்தபோது பந்தலையே பிரித்துக்கொண்டிருந்தார்கள். வேலியோரம் படித்த ஒருவர்மேல் பூசணிக்கொடி ஏறி, பூத்து, இரண்டு காயும் விட்டது. ஊர்க்காரர்கள் காயை மட்டும் பறித்துக்கொண்டு போனார்கள்.

பாதியில் ஓலையைப் பிடுங்கவும் முடியாது. மேலூரில் ஒருத்தனிடம் பிடுங்கிப் பார்த்தார்கள். மனசு ஓலைக்குள்ளேயே தங்கிவிட்டது, ஆள் மட்டும் வெளியே. அவனைச் சோளக்காட்டில் காக்கை விரட்ட நிறுத்தினார்கள். காக்கைகூட அவனை மதிக்கவில்லை.

கருங்கரை என்ற ஊரில் குளத்து மடைக்காரர் மாசானம். குளம் நிரம்பித் தளும்பினால், தண்ணீருக்குள் முங்கி மடைக்கட்டையைத் திருகி எடுக்க அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கட்டையை எந்தப் பக்கம் திருக வேண்டும், எத்தனை மூச்சு பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கைக்கே தெரிந்த சங்கதி. அதனால் ஊரார் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள்: மழைக்காலம் முடியும்வரை மடைக்காரர் ஓலையைத் தொடக் கூடாது. அவரும் தொட்டதில்லை, அந்த ஐப்பசி வரைக்கும்.

அந்த ஐப்பசியில்தான் கடல் தாண்டிக் கட்டிக்கொடுத்த தங்கை வடிவிடமிருந்து ஒரு பெட்டி வந்தது. பன்னிரண்டு வருஷமாக அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருஷத்துச் சேதியையும் முந்நூறு ஓலையில் எழுதி அனுப்பியிருந்தாள்.

அவர் மனைவி பூவம்மா பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் வைத்தாள். தை பிறக்கட்டும், நானே பக்கத்தில் இருந்து சோறு ஊட்டிவிடுகிறேன், நிம்மதியாகப் படிக்கலாம் என்றாள். மாசானமும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். மறுநாள் அவள் நடவுக்குப் போனதும் பரண்மேல் ஏறிவிட்டார். குளம் பாதிதான் கிடக்கிறது, வானமும் வெளுத்திருக்கிறது, ஒரே ஒரு ஓலை, அண்ணன் சுகமா என்று கேட்டிருக்கிறாளா என்று மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்று நினைத்தார்.

கேட்டிருந்தாள். அவ்வளவுதான், மாசானம் உள்ளே போய்விட்டார்.

உள்ளே என்றால் அப்படியொரு உள்ளே. வடிவு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். கடற்காற்று அடித்தது. அவள் மீனைக் கழுவிக்கொண்டே மாமியாரைப் பற்றிக் குறை சொன்னாள். நாத்தனாருக்குக் குரங்கு என்று பெயர் வைத்ததைச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

வெளியே நடந்ததெல்லாம் பிறகு பூவம்மா சொல்லித்தான் அவருக்கே தெரியும். மதியம் பிடித்த மழை விடவே இல்லை. காட்டு ஓடைகள் எல்லாம் குளத்துக்குள் வந்து விழுந்தன. ஊரே திரண்டு வந்து அவர் காதில் கத்தியது. தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். மனுஷன் சிரித்தபடி அடுத்த ஓலையைப் புரட்டினார். கடைசியில், தலைமேல் ஒரு பாயைப் பிடித்துக்கொண்டு, ஆளை மடியில் இருந்த ஓலைக்கட்டோடு அப்படியே தூக்கிக் குளத்தங்கரையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். தண்ணீர் கரைக்கு ஒரு முழம் கீழே நின்றது. கரையில் ஒரு இடம் கசிய ஆரம்பித்திருந்தது. மாசானம் அப்போதுதான் நாற்பதாவது ஓலையில் இருந்தார்.

"வாக்குக் குடுத்துட்டுப் பரண்ல ஏறுன மனுஷன்கிட்ட இனி என்னத்தப் பேச" என்று பூவம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

அப்போது அவள் முந்தானையிலிருந்து ஒரு குரல் வந்தது. குருணை அளவு இருக்கும் ஒரு பூச்சி. அவள் வீட்டு உரலடியில் தவிட்டைப் பொறுக்கித் தின்று பிழைத்துக்கொண்டிருந்தது. தினமும் ஒரு சிட்டிகை தவிட்டைக் கூட்டாமல் விட்டுவிடுவாள் பூவம்மா.

"மயினி, ஓலையப் பிடுங்குனாத்தான தப்பு. ஓட்டை போட்டா?"

"போட்டா?"

"மனசு வெளிய வர ஒரு வழி கிடைக்கும்லா."

"அப்ப இரு, ஊசி கொண்டாரேன்."

"ஊசி எழுத்தக் கிழிச்சிரும். கிழிஞ்ச எழுத்துக்குள்ள இருக்குற மனசும் கிழிஞ்சிரும். நான்னா பக்குவமாத் தின்னுருவேன்."

எதற்காக நீ இவ்வளவு மெனக்கெடுகிறாய் என்று பூவம்மா கேட்டாளாம்.

"ரெண்டு காரணம் மயினி. ஒண்ணு, உங்க தவிடு. இன்னொண்ணு, எனக்கு நீச்சல் தெரியாது."

பூச்சி இறங்கி ஓலைக்கட்டில் ஏறி, பல்லை வைத்தது. வெற்றிலை மெல்லும் நேரத்துக்குள் முந்நூறு ஓலையையும் நேர்கோடாகத் துளைத்து மறுபக்கம் வந்து ஏப்பம் விட்டது.

உள்ளே மாசானம் வடிவு பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கிணறு இந்த வருஷம் வற்றிவிட்டது அண்ணே என்று அவள் சொல்லும்போது, முற்றத்துச் சுவரில் கடுகளவு வெளிச்சம் விழுந்தது. அதன் வழியாக ஈரமண் வாசம் வந்தது. அவர் கண் அந்த வரியிலேயேதான் போய்க்கொண்டிருந்தது. மனசு மட்டும் மெல்ல நழுவியது. கிணறு வற்றிவிட்டதாமே. நம் குளத்தில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது? இந்த வாசத்தைப் பார்த்தால் மழை பெய்கிறதோ? பெய்தால் மடை?

படித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மனிதன் வேறெதையோ நினைத்தது உலகத்தில் அதுதான் முதல் தடவை.

மாசானம் தலையை நிமிர்த்தினார். காலடியில் குளம் தளும்பிக்கொண்டிருந்தது. ஓலைக்கட்டைப் பூவம்மா மடியில் போட்டுவிட்டுத் தண்ணீரில் குதித்தார். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, மூன்றாவது மூச்சில் கட்டை கையோடு வந்தது. மடை திறந்து தண்ணீர் வாய்க்காலில் சீறிக்கொண்டு போனது. கரை நின்றது. கரைக்குக் கீழே நூற்றுச் சொச்சம் வீடுகளும் நின்றன.

கரையேறி வந்தவர் பூவம்மா முகத்தைப் பார்க்கவில்லை. ஏச்சை எதிர்பார்த்து நின்றார். அவள் தன் சேலை ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, ஓலைக்கட்டின் ஓட்டையில் கோத்து முடிச்சுப் போட்டாள்.

"போற மனசு திரும்பி வரவும் வேணும்லா. நூலப் பிடிச்சுக்கிட்டு வரட்டும்" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மாசானம் பூச்சியின் முன்னால் குந்தி உட்கார்ந்து கும்பிட்டார். என்ன வேண்டும் என்று கேட்டார்.

"தவிடு அலுத்துப்போச்சு அண்ணாச்சி. உங்க தங்கச்சி எழுத்து நல்ல ருசி" என்றது பூச்சி. ஏடு இருக்கும் இடமெல்லாம் உனக்கு வீடு, ஓரமாக ஒரு வாய் கடித்துக்கொள் என்று ஊரே வாக்குக் கொடுத்தது. அம்புபோல நேராகத் துளைத்ததால்தான் அதற்கு ராமபாணம் என்று பெயரும் வந்தது.

தை பிறந்ததும் மாசானம் மீதியைப் படித்தார். இப்போது நடுநடுவே மனசு வெளியே போனது, நூலைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தது. விட்ட இடம் தெரியாமல் ஒரே வரியை மூன்று தடவை படித்தார். கடைசி ஓலையில் வடிவு எழுதியிருந்தாள்: மூத்தவளுக்கு உன்னை நினைத்து ஒரு பெயர் வைத்திருக்கிறேன் அண்ணே, அவள் பெயர்... அந்த இடத்தில் ஓட்டை.

"என்னல இது, இதையா தின்ன?" என்று கேட்டார்.

"ஞாபகம் இல்ல அண்ணாச்சி. இனிப்பா இருந்துச்சு" என்றது பூச்சி.

வேறு வழியில்லை. மாசானம் பூவம்மாவைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். வடிவு வீட்டு வாசலில் கால் வைத்ததும், எதிரே ஓடிவந்த சிறுமியிடம் அவர் முதலில் கேட்டது அவள் பெயரைத்தான். எல்லா எழுத்தும் முழுசாக இருந்திருந்தால் அவர் வீட்டிலேயே படித்து மகிழ்ந்துவிட்டு இருந்திருப்பார்.

அன்று முதல்தான் ஓலையில் ஓட்டை போட்டு, அந்த இடத்தில் எழுத்து விழாமல் தள்ளி எழுதி, நூலும் கோத்தார்கள். அன்று முதல்தான் கண் வரியில் இருக்கும்போதே நம் மனசு அடுப்புக்கும் மடைக்கும் தூரத்தில் இருக்கும் தங்கைக்கும் போய்வருகிறது. காகிதம் வந்து ஓட்டை போய்விட்டது. மனசுக்கு வழி மறக்கவில்லை.

இதைப் படிக்கும்போதே உங்கள் மனசு எங்கோ போயிருந்தால், போன இடத்தில் ஏதாவது காரியம் இருக்கும், பார்த்துவிட்டு வாருங்கள். பூச்சிக்கு ஒரு கும்பிடும் போடுங்கள். ஆனால் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் யாராவது, இந்தப் பிள்ளைகளுக்கு இப்படியொரு சாக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டால், என் பெயர் வரும் இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.