மேஸ்திரி வட்டமிட்ட தோல்

இக்கதை, ஆம்பூருக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் வேனில், தையல் பிரிவைச் சேர்ந்த பர்வீன் சொல்ல, 2019 ஐப்பசியில் கேட்டது.

ஷூ தொழிற்சாலை ஒன்றுக்குத் தோல் வெட்டும் கணினி இயந்திரம் வந்தது. அதை இயக்கும் வேலை தமக்கே என்றிருந்தார் வெட்டுப் பிரிவு மேஸ்திரி ஏகாம்பரம். பயிற்சியில் தேறியவளோ பசை தடவிக்கொண்டிருந்த எஸ்தர். அவள் அமர்ந்த நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் மேஸ்திரிக்கு வயிறு எரிந்தது.

தோலிலுள்ள தழும்புகளைச் சாக்பீஸால் வட்டமிடுவது மேஸ்திரியின் வேலை. அவ்வட்டங்களை விலக்கி இயந்திரம் வெட்டும். முதலாளி பார்வையிட வந்த அன்று, ஏகாம்பரம் ஒரு முழுத் தோலையும் வட்டங்களால் நிரப்பி விரித்தார்.

“ஆபரேட்டரம்மா, இதுல ஒரு ஜோடி வெட்டிக் காட்டு. முடியலைன்னா பசை டப்பா அங்கயேதான் இருக்கு.”

வெட்ட இடமில்லை என்றது திரை. முதலாளி முகம் சுளித்தார்.

எஸ்தர் பணிவாகக் கேட்டாள்: “இவ்வளவு சொத்தைத் தோலை நம்ம தலையில கட்டினது யாரு, மேஸ்திரி? அந்த ஆளை இன்னிக்கே அனுப்பிடச் சொல்லுங்க முதலாளி.”

முதலாளி திரும்பினார். “நேத்து நீங்கதானேய்யா தடவிப் பார்த்து, முதல் தரம்னு வாங்கினீங்க?”

மேஸ்திரி ஈரத்துணி எடுத்து வட்டங்களைத் துடைத்தார். அடியில் பழுதற்ற தோல் பளபளத்தது.

பர்வீன் சொன்ன கதையில் ஏகாம்பரம் பசை மேசைக்குப் போகிறார். பேரணாம்பட்டில் சொல்வோர் முடிவை மாற்றுகிறார்கள்: அவர் ஒரே ஒரு வட்டத்தை அழிக்காமல் விட்டார். எஸ்தர் குனிந்து தடவிப் பார்த்தாள். கண்ணுக்கும் இயந்திரத்துக்கும் தெரியாத, மேஸ்திரியின் விரல் மட்டுமே கண்டிருந்த தழும்பொன்று அவள் விரலில் இடறியது. அன்றிரவு தூக்கம் வராமல் புரண்டவள் எஸ்தர் என்பது அவர்கள் கூற்று.