வலையோரம் நிற்பவள்

ஹாலந்தில் ஹார்லெம் என்று ஓர் ஊர். அங்கே ஒரு பாட்மின்டன் கிளப். நாட்டுக்காகப் பல வருஷம் டபிள்ஸ் ஆடிய தேயா, ஆட்டத்தை விட்டபின் அந்த கிளப்பில் கோச்சாக இருந்தார். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் தப்பித்தவறிக்கூட ஒரு பாராட்டு வராது.

அவரிடம் ஜோடியாகப் பழகியவர்கள் லீஸ்பெத்தும் மிர்யமும். லீஸ்பெத் முன்னால், வலையோரம். மிர்யம் பின்னால். பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான். போன வருஷம் மிர்யமுக்குத் தோளில் ஆபரேஷன் ஆயிற்று. வேறு பார்ட்னரைப் பார்த்துக்கொள் என்று லீஸ்பெத்திடம் சொல்லாத ஆள் இல்லை. அவள் யார் பேச்சையும் காதில் வாங்காமல் காத்திருந்தாள். மிர்யம் திரும்பி வந்தாள். வந்ததிலிருந்து இருவரும் தோற்றுக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் தேயா லீஸ்பெத்தை மட்டும் நிறுத்தினார். மிர்யம் ஜோடியைப் பிரித்துவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறாள், சனிக்கிழமை ஆட்டம்தான் கடைசியாம் என்றார்.

லீஸ்பெத்துக்குக் கோபம் வந்தது. ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவள் அவள். கை தூக்க முடியாத நாளில் தலை பின்னிவிட்டவள் அவள். இன்றைக்கும் பந்து பின்னால் போகும்போதெல்லாம், தோள் வலிக்குமோ, எட்டுவாளோ என்று பதறித் திரும்பிப் பார்ப்பவள் அவள்தானே? இதற்குமேல் ஒருத்தி என்னதான் செய்வாள்?

"அக்கறையாக இருப்பது தப்பா?" என்று கேட்டாள்.

தேயா மட்டையை எடுத்துக்கொண்டு வலையோரம் போய் நின்றார். லீஸ்பெத்தைப் பின்னால் நிற்கச் சொன்னார். கிளம்பப் போன இரண்டு பெண்களைக் கூப்பிட்டு, எதிர்ப்பக்கம் நின்று உயரமாகத் தூக்கி அடிக்கச் சொன்னார்.

முதல் பந்து லீஸ்பெத்தின் தலைக்குமேல் வந்தது. அவள் கையை ஓங்கினாள். தேயா திரும்பினார். புருவத்தைச் சுருக்கி, வாயை லேசாகத் திறந்து, காய்ச்சல்காரக் குழந்தையைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை. லீஸ்பெத் எப்படியோ அடித்துவிட்டாள். அடுத்த பந்துக்கும் அதே பார்வை. அது வலையில் போய் மாட்டியது. அதற்கடுத்தது, தூக்கத்தில் எழுப்பினாலும் அடிக்கக்கூடிய பந்து. அதை மட்டையின் விளிம்பில் வாங்கிக் கூரைக்கு அனுப்பினாள்.

"மட்டையில் ஓட்டையா, லீஸ்பெத்?" என்றாள் எதிரே நின்றவள்.

லீஸ்பெத்துக்கு முகம் சிவந்துபோயிற்று. "என்னைப் பார்க்காதீர்கள் தேயா."

"ஏன்?"

"என்னால் முடியாது என்று நீங்கள் நினைக்கிற மாதிரி இருக்கிறது."

"அப்படி நினைக்கவே இல்லையே. அக்கறையாகத்தான் பார்த்தேன்."

லீஸ்பெத் ஓங்கிய மட்டையை இறக்கினாள்.

சனிக்கிழமை. பந்து பின்னால் போகும்போதெல்லாம் லீஸ்பெத்தின் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வலையையே பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் ஷூ கிறீச்சிட்டது. மூச்சு இரைத்தது. ஒருமுறை 'ஸ்' என்று வலியை விழுங்கும் சத்தம் கேட்டது. லீஸ்பெத்துக்குக் கண் கலங்கியது. ஆனாலும் திரும்பவில்லை. அவள் காதை உரசிக்கொண்டு பந்து பறந்துபோய் எதிர்க்கோட்டின்மேல் விழுந்தது.

"கழுத்தில் என்ன, சுளுக்கா?" என்று பின்னாலிருந்து மிர்யம் கேட்டாள்.

"ஆமாம்," என்றாள் லீஸ்பெத், திரும்பாமலே.

கடைசி செட் வரை இழுத்துக்கொண்டு போய்த் தோற்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்து மிர்யம் வெகுநேரம் ஷூ நாடாவோடு மல்லுக்கட்டினாள். லீஸ்பெத் பக்கத்தில் உட்கார்ந்து, அவிழ்த்துவிடப் போன கையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"செவ்வாய்க்கிழமை சீக்கிரம் வந்து சேர்," என்றாள் மிர்யம் கடைசியில், நிமிராமலே. "உன் சர்வீஸைச் சகிக்க முடியவில்லை."

எல்லோரும் போனபின் தேயா வலையை அவிழ்த்துச் சுருட்டினார். லீஸ்பெத் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிர்யம் எப்படி ஆடினாள்? நான் பார்க்கவே இல்லை."

"ஆடினாள்," என்றார் தேயா. அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

தேயாவும் அந்த நாளில் வலையோரம் நின்றவர்தான். அவருக்குப் பின்னால் ஆடிய வில்மா போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. அவர் பேச்சை யாரும் தேயாவிடம் எடுப்பதில்லை. லீஸ்பெத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"வில்மா எப்படி ஆடுவார்?"

தேயாவின் கை நின்றது.

"ரொம்ப அழகாக ஆடுவாளாம்," என்றார். "நான் பார்த்ததில்லை."