எனக்கு மட்டும் திறந்த வாசல்

"நம்ம கிளவுட் சர்வருக்குள்ள எவனோ புகுந்துட்டான் சார்" என்று கம்பெனி கணினிகளின் எச்சரிக்கை மணிகளைக் கண்காணிக்கும் இசக்கிமுத்து ஒரு வாரமாய்ச் சொல்லி ஓய்ந்துபோனான். "அது சும்மா கத்தும், விடுப்பா" என்பார் மேலாளர் ரங்கபாஷ்யம்.

விஷயம் முதலாளியம்மா காதுக்குப் போனதும் அதே ரங்கபாஷ்யம் அவர் எதிரில் இசக்கிமுத்துவிடம் எகிறினார். "ஊர் உலகமே நுழையுற மாதிரி சர்வர் வாசலைத் திறந்துவிட்டது யாரு? சாயங்காலத்துக்குள்ள ஆளைக் காட்டு. இல்லேன்னா நீதான் அந்த ஆளு!"

சர்வரை மாற்றியமைக்க எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. திறந்தவர் பெயரை எங்கே போய்த் தேடுவது?

இசக்கிமுத்து கொட்டாவியை விழுங்கினான். "முதல்ல வாசலை மூடிடறேன் சார். ஆபீஸ் வழியா வர்றவங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"மூடு, மூடு!" என்று சொல்லிவிட்டு ரங்கபாஷ்யம் வீட்டுக்குக் கிளம்பினார்.

சாயங்காலம் முதலாளியம்மா வந்து, "ஆள் யாருப்பா?" என்று கேட்கும்போதே போன் அடித்தது. இசக்கிமுத்து அதை ஸ்பீக்கரில் போட்டான்.

"எவன்டா என் வழியை அடைச்சது?" ரங்கபாஷ்யம் கத்தினார். "வீட்டுல இருந்து வேலை பார்க்க எனக்கு மட்டும்னு நான் திறந்து வச்சதுடா அது!"

இசக்கிமுத்து நாற்காலியில் சாய்ந்தான்.

"ஆள் லைன்ல இருக்கார், மேடம்."