தேன்சிட்டுக்கு ஒரு பைனாகுலர்

2019ஆம் ஆண்டு, பிப்ரவரி ஒன்பதாம் நாள், சனிக்கிழமை. நாகர்கோவிலில் முகில் இல்லை. தென்னங்கீற்றை அசைக்கும் அளவுக்குக்கூடக் காற்று இல்லை.

ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர் வேதமாணிக்கம் வாசலில் தம் குருவுக்காகக் காத்து நின்றார். பறவை பார்க்கக் கற்றுத்தரும் குரு ஹமீதா, அவரைவிட முப்பது வயது இளையவர்.

“மூத்த மகளைவிடச் சின்னவளைக் குரு என்கிறீர்களே!” என்று உள்ளிருந்து சிரித்தார் மனைவி ஞானப்பூ.

ஞானப்பூவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. சன்னலோர நாற்காலியை விட்டு நகர முடியாது. வெளியே, கைக்கு எட்டாத செம்பருத்திக் கிளையில் ஒரு தேன்சிட்டு குஞ்சு பொரித்திருந்தது. கூட்டின் வாய் வெறுங்கண்ணுக்கு ஒரு கறுப்புப் பொட்டு. கீச்சொலி மட்டுமே கேட்கும். குஞ்சுகளின் முகத்தை ஒருமுறையேனும் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. இன்னும் ஓரிரு நாளில் அவை பறந்துவிடும்.

கடைக்காரர் இரண்டு பைனாகுலர்களைக் கொடுத்தனுப்பியிருந்தார். பெரியது இருபது மடங்கு காட்டுவது. சிறியது எட்டு மடங்கு. இரண்டும் ஓய்வூதியத்துக்கு எட்டும் ஒரே விலை. வேண்டாததை மாலைக்குள் திருப்பித் தரவேண்டும்.

ஹமீதா உள்ளே வந்ததும் வேதமாணிக்கம் இரண்டையும் அவர்முன் வைத்தார். “எதை வாங்கலாம், குருவே?”

“உங்கள் மனம் எதில் இருக்கிறது, ஐயா?”

“இதைக் கேட்கவும் வேண்டுமா? இருபது கிடைக்கும் விலைக்கு எட்டை வாங்குபவன் ஏமாளி. கடை வாசலில் நின்றே பார்த்தேன். மலைமேல் மேய்ந்த ஆட்டின் கொம்பு தெரிந்தது!”

“சரி. அதை அம்மாவிடம் கொடுங்கள்.”

ஞானப்பூ வாங்கிக் கண்ணில் வைத்தார்.

“தெரிகிறதா?” என்றார் வேதமாணிக்கம்.

“பாலில் விழுந்த ஈயைப்போல் ஏதோ தெரிகிறது.”

“சக்கரத்தைத் திருப்பு.”

“திருப்பியாயிற்று. இதற்குமேல் திரும்பாதாம்.”

“பெரியது இவ்வளவு அருகில் குவியாது, ஐயா” என்றார் ஹமீதா. “இன்னும் தள்ளி உட்கார்ந்தால்தான் தெளியும்.”

“அவ்வளவுதானே? நாற்காலியைப் பின்னுக்கு இழுப்போம்.”

“பின்னால் சுவர்” என்றார் ஞானப்பூ. “வேண்டுமானால் என்னை அடுக்களையில் உட்கார வையுங்கள். கூடு தெரியாது, குழம்பு தெரியும்.”

வேதமாணிக்கம் அசரவில்லை. “கிளையைச் சற்று அப்பால் வளைத்துக் கட்டிவிட்டால்?”

ஹமீதா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“ஐயா, அம்மா கேட்டது ஆட்டின் கொம்பையா?”

வேதமாணிக்கம் சிறியதை உறையிலிருந்து எடுத்துத் தம் கையாலேயே மனைவியிடம் கொடுத்தார்.

ஞானப்பூ சக்கரத்தை மெல்லத் திருப்பினார்.

“இரண்டு” என்றார் பிறகு, குரலைத் தாழ்த்தி. “ஒன்று வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது.”

பெரிய பைனாகுலர் உச்சிப்பொழுதுக்கு முன்பே கடைக்குத் திரும்பியது. திங்கட்கிழமை காலை குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. ஞானப்பூ இரண்டையும் பார்த்தார். பக்கத்திலேயே நின்ற வேதமாணிக்கம், மனைவி சொல்லச் சொல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பைனாகுலர் அன்று அவர் கைக்கு வரவேயில்லை.