கம்பி எண்ணச் சொன்ன ராஜா

கொன்றையூர் அரண்மனையில் யானை இருந்தது, பல்லக்கு இருந்தது, பத்துக் கேமராவும் இருந்தன. ராஜா காலத்தில் கேமரா எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். ராஜா வேண்டும் என்றார், வந்தது. அவ்வளவுதான்.

ராஜா சூரகேசரிக்கு இரண்டே விஷயத்தில்தான் அக்கறை. ஒன்று அதிரசம். இன்னொன்று, அந்த அதிரசத்தை மடைப்பள்ளியிலிருந்து எவன் திருடுகிறான் என்பது. அதற்குத்தான் கேமரா.

அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மாசிலாமணிக்கு. சிம்மாசனத்துக்குப் பின்னால் ஒரு சுவிட்சுப் பெட்டி. அதிலிருந்து ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு கேபிள். கரண்ட் போவதும் அதில்தான், படம் வருவதும் அதில்தான். பெட்டியைத் தேர்ந்தெடுத்தவர் மாசிலாமணி. கேபிளை வாங்கியவர் அமைச்சர் பூவராகர், தன் மைத்துனன் கடையில். வாங்கியதோடு விட்டாரா? கேபிளைச் செப்புக் குழாய்க்குள் நுழைத்து, 'ராஜ ஆணையின்றி எவரும் கை வைக்கலாகாது' என்று முத்திரையும் வாங்கி ஒட்டிவிட்டார்.

பெட்டியை முடுக்கினார்கள். பத்துக் கேமராவில் ஒன்றுகூடக் கண் திறக்கவில்லை.

"பெட்டிதான் பழுது" என்றார் பூவராகர். "என் கேபிள் பத்தரைமாற்று. சோதித்துக் காட்டட்டுமா?"

கேபிளின் இந்த முனையில் ஒரு மடிக்கணினி, மடைப்பள்ளி முனையில் இன்னொன்று. ராஜா தன் விரலாலேயே தட்டி அனுப்பினார்: அதிரசம் இருக்கிறதா?

கண் இமைப்பதற்குள் பதில் வந்தது: இல்லை.

"பார்த்தீர்களா மகாராஜா, செய்தி போகிறது, வருகிறது!" என்று பூவராகர் குதித்தார். ராஜாவுக்குக் குதிக்கத் தோன்றவில்லை.

மாசிலாமணி ஒரு கேமராவைக் கழற்றி வந்தார். தன் மடியிலிருந்த முழ நீளக் கேபிளால் அதைப் பெட்டியோடு இணைத்தார். பச்சை விளக்கு மின்னியது. திரையில் ராஜாவின் மீசை பெரிதாகத் தெரிந்தது. பெட்டியிலிருந்த பத்துத் துளையிலும் மாற்றி மாற்றிச் செருகினார். பத்து முறையும் மீசை வந்தது.

"பெட்டி நன்றாயிருக்கிறது மகாராஜா. கேமராவும் நன்றாயிருக்கிறது."

"முழ நீளத்துக்கு எந்தப் பெட்டிதான் கரண்ட் அனுப்பாது?" என்றார் பூவராகர். "மடைப்பள்ளி வரை தள்ள இதற்குத் தெம்பில்லை."

ராஜாவுக்கு யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் சரி. தலையை ஆட்டினார்.

மாசிலாமணிக்கு விஷயம் புரிந்துவிட்டது. செய்தி போகிற கேபிளில் கரண்ட் போகவில்லை என்றால் குறை எங்கே என்று அவருக்குத் தெரியும். அறுத்துக் காட்டினால் சபைக்கும் தெரிந்துவிடும். ஆனால் ஆணையில்லாமல் முத்திரையைத் தொட்டால் கை போய்விடும். ஆணை கேட்டால், அதற்கு முன்பே அமைச்சர் எதையாவது சொல்லித் தடுத்துவிடுவார். கேட்காமலே ஆணை வர வேண்டும்.

"மகாராஜா, இந்தப் பழுதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாதம் வேண்டும்."

"ஆறு மாதமா! அதுவரை என் அதிரசம்?"

"போகும். தாங்கள் கொஞ்சம் இளைப்பீர்கள். பல்லக்குத் தூக்குகிறவர்களும் பிழைத்துப் போவார்கள்."

சபையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். ராஜா எழுந்துவிட்டார்.

"என்ன திமிர்! நீ கம்பி எண்ண வேண்டிய ஆள்!"

"இது ஆணையா மகாராஜா?"

"ஆணைதான்!"

"எப்போதிலிருந்து எண்ண?"

"இந்த நிமிஷத்திலிருந்து எண்ணு!"

பூவராகர் சால்வையைச் சரிசெய்துகொண்டு புன்னகை பூத்தார். மாசிலாமணியைப் பிடிக்கச் சிறைக்காவலன் ஒண்டிமுத்து முன்னால் வந்தான். மாசிலாமணி அவன் இடுப்பிலிருந்த கத்தியை உருவினார். விறுவிறுவென்று சிம்மாசனத்துக்குப் பின்னால் போனார். முத்திரையைக் கிழித்து, குழாயிலிருந்து கேபிளை இழுத்து, ஒரே அறுப்பு.

"ஐயையோ! ஆணையில்லாமல் கை வைக்கிறான்!" என்று அலறினார் பூவராகர்.

"இப்போதுதானே ஆணை வந்தது, அமைச்சரே? உம் காதிலும் விழுந்ததே. கம்பியை எண்ணச் சொன்னார். எண்ணுகிறேன்." கேபிளின் தோலைச் சீவிவிட்டு உள்ளே இருந்த கம்பிகளை விரலால் பிரித்தார். "ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு."

"ஏன் நிறுத்திவிட்டாய்?" என்றார் ராஜா.

"தீர்ந்துவிட்டது மகாராஜா."

தன் முழக் கேபிளையும் சீவி நீட்டினார். ராஜாவே எண்ணினார். எட்டு.

"இந்தப் பெட்டி நான்கு கம்பியில் செய்தியை அனுப்பும், மற்ற நான்கில் கரண்ட்டை அனுப்பும். கரண்ட் போக வேண்டிய நான்கையும் அமைச்சரின் மைத்துனர் போடவே இல்லை. அதனால்தான் தங்கள் கேள்வி மடைப்பள்ளிக்குப் போனது, கேமராவுக்குக் கரண்ட் போகவில்லை."

பூவராகர் இழுத்தார். "நான்கே போதுமே என்று... ஒரு சிக்கனம்..."

"கழற்றும் அந்த அமைச்சர் மோதிரத்தை!" என்று கர்ஜித்துப் பிடுங்கிக்கொண்டார் ராஜா. "ஒண்டிமுத்து! இவரை இழுத்துப் போய்க் கம்பி எண்ண வை!"

"வேண்டாம் மகாராஜா" என்றார் மாசிலாமணி.

"ஏன்? இரக்கமா?"

"இரக்கமெல்லாம் இல்லை. சிறை ஜன்னலுக்குக் கம்பி போட்டதும் இவருடைய மைத்துனர்தான்."

ஒண்டிமுத்து தலையைச் சொறிந்தான்.

"அட, அதுதானா மகாராஜா! சாயங்காலம் பத்துப் பேரைப் பூட்டினால் காலையில் ஐந்து பேர்தான் இருக்கிறார்கள். நானும் எனக்குத்தான் எண்ணத் தெரியவில்லையோ என்று இருந்துவிட்டேன்!"

ராஜா அவனை முறைத்தார். முறைக்க முடியாமல் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே மோதிரத்தை மாசிலாமணியிடம் தூக்கிப் போட்டார்.

"பிடியும், அமைச்சரே! முதல் வேலையாகச் சிறைக்குக் கம்பி வாங்கும். எண்ணி வாங்கும்!"