தளவாயின் வாளும் வெள்ளரிக்காயும்

மருதங்கோட்டைக்கும் கிளிமங்கலத்துக்கும் சண்டை மூண்டிருந்த காலம் அது. சண்டை நடந்தது எல்லையில். அதை நடத்திய தளவாய் பராங்குசர் இருந்ததோ அரண்மனைத் தோட்டத்தில், பட்டுக் கூடாரம் போட்டுக்கொண்டு. "எட்ட இருந்து பார்த்தால்தான் போர்க்களம் முழுசாகத் தெரியும்" என்பார். மூன்று வேளையும் அந்தக் கூடாரத்துக்குள் நெய் ஒழுகும் பொங்கல் போவதை ஊரே பார்த்தது. பார்த்த ஊர் சும்மா இருக்குமா? முணுமுணுத்தது.

தளவாய்க்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அரசர் வீரகேசரியை நச்சரித்து ஓர் ஆணை வாங்கிவிட்டார். போர் முடியும்வரை அரசரையோ தளவாயையோ குறை சொன்னால் நாக்கு அறுக்கப்படும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொன்னாலும் அதே கதி. யாராக இருந்தாலும் விலக்கு இல்லை. அந்தக் கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னதே தளவாய்தான். அந்தச் சந்தோஷத்தில் அன்று இன்னொரு தட்டுப் பொங்கல் உள்ளே போனதாகக் கேள்வி.

ஊர் வாயை மூடிக்கொண்டது. அரசவைப் புலவர் சிற்றம்பலமும் மூடிக்கொண்டார். அரசரையே நேருக்கு நேர் கிண்டல் செய்து பரிசு வாங்குகிற மனிதர், அந்தக் கூடாரத்தைத் தாண்டும்போது மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார். நாக்கு போனால் அவருக்கு வேறு பிழைப்பு ஏது? ஆனாலும் உள்ளுக்குள் அவருக்கே வெட்கமாக இருந்தது.

வாயை மூடாதவள் ஒருத்திதான். சந்தையில் வெள்ளரிக்காய் விற்கும் முத்திருளாயி. அவள் புருஷன் எல்லையில் ஈட்டி பிடித்து நின்றான். அங்கே கூழுக்குக்கூட வழியில்லை என்று சேதி வந்ததும், நட்ட நடுச் சந்தையில் நின்று கத்தித் தீர்த்துவிட்டாள். காவலர்கள் பிடித்துவந்து சபையில் நிறுத்தினார்கள்.

"என்ன சொன்னாள் இவள்?" என்று கேட்டார் அரசர்.

காவலர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தளவாய் துள்ளி எழுந்தார்.

"நான் சொல்கிறேன் மகாராஜா! 'எல்லையில சிப்பாய் பட்டினி கெடக்கான், இங்க தளவாய் நெய்ப்பொங்கல் திங்கிறாரு. அவரு வாளு வெட்டுன ஒரே தலை, எங்கிட்ட வாங்குன வெள்ளரிக்காயோட தலைதான்!' இப்படிக் கத்தியிருக்கிறாள்!"

கோபத்தில் அவள் குரலிலேயே, அவளைப் போலவே கையை வீசிச் சொல்லிவிட்டார். சபையில் பல பேருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"சொன்னாயா?"

"சொன்னேன் மகாராசா. எம்புருசனுக்குக் கூழு அனுப்பிவிடுங்க. அப்புறம் நாக்கை எடுத்துக்கோங்க."

குரல் நடுங்கவில்லை. முந்தானை நுனியை மட்டும் விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். அதைச் சிற்றம்பலம் பார்த்துவிட்டார். மனசு சுருக்கென்றது. தான் பேசியிருக்க வேண்டியதைப் பேசிவிட்டு அல்லவா இவள் நிற்கிறாள்!

"ஆணை ஆணைதான். நாளைக் காலையில் தண்டனை" என்றார் அரசர்.

சிற்றம்பலம் எழுந்தார். "நியாயமான தீர்ப்பு மகாராஜா. ஆனால் முதலில் பறை அறைய வேண்டுமே? தங்கள் பாட்டனார் வைத்த வழக்கம் ஆயிற்றே!"

மருதங்கோட்டையில் யாரையும் மறைவாகத் தண்டிக்கக் கூடாது. குற்றவாளி செய்தது என்ன, சொன்னது என்ன என்பதை நான்கு தேர்வீதியிலும் ஒரு சொல் விடாமல் பறையறைந்து சொன்ன பிறகுதான் தண்டனை. அரசர் தலையசைத்தார். பறையறையும் மாடக்கண்ணு வந்தான். விஷயத்தைக் கேட்டதும் பறையைக் கீழே வைத்துவிட்டான்.

"மகாராசா, திருப்பிச் சொன்னா நாக்கு போகும்னு இதே பறையில நான்தானே அறைஞ்சேன்? எனக்குப் புள்ளைகுட்டி இருக்கு."

"மந்திரியாரே, நீர் சொல்லும்."

மந்திரி தொண்டையைத் தொட்டுக் காட்டினார். காலையிலிருந்தே கட்டிக்கொண்டதாம். அதைச் சொல்லும்போது குரல் கணீரென்றிருந்தது. அரண்மனைக் கணக்கர் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"பின்னே யார்தான் அறைவது?" அரசருக்குச் சலிப்பு வந்துவிட்டது.

"ஒருவர் இருக்கிறார் மகாராஜா" என்றார் சிற்றம்பலம். "இந்த ஆணைப்படி அவர் நாக்கு ஏற்கெனவே போய்விட்டது. போன நாக்கு மறுபடி போகாது. நான்கு வீதியிலும் தாராளமாகச் சொல்லலாம். இப்போதுதான் சபை நடுவில் ஒரு சொல் பிசகாமல் சொல்லிக் காட்டினார். என்ன அழகான உச்சரிப்பு! மாடக்கண்ணு, அந்தப் பறையைத் தளவாய் கழுத்தில் மாட்டு!"

தளவாயின் முகம் வெளுத்தது. "மகாராஜா! நான் குற்றச்சாட்டைத்தானே சொன்னேன்!"

"யாராக இருந்தாலும் விலக்கு இல்லை என்றது யாராம்?" என்றார் சிற்றம்பலம்.

அரசருக்கு உதடு துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பராங்குசரே, ஒரு வழி இருக்கிறது. அவள் சொன்னது பொய் என்று காட்டும். உம் நாக்கை விட்டுவிடுகிறேன். எங்கே, வாளை உருவும், பார்ப்போம்."

தளவாய் இழுத்தார். வாள் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். இரண்டு காவலர்கள் உறையைப் பிடித்துக்கொள்ள, காலை ஊன்றி இழுத்துப் பார்த்தார். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. உள்ளே அவ்வளவு துரு.

சபை கொல்லென்று சிரித்தது. அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. சிரித்து ஓய்ந்ததும் அவர் முகம் மாறியது. எல்லையில் கிடக்கும் பட்டினி அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆணை ரத்து. அரண்மனைக் களஞ்சியத்து அரிசி முழுவதும் இன்றே எல்லைக்குப் போகட்டும். தளவாயும் கூடவே நடந்து போகட்டும், மூட்டை சுமந்துகொண்டு" என்றவர், தன் கைக்காப்பைக் கழற்றிச் சிற்றம்பலத்துக்குப் போட்டார். "முத்திருளாயி, உனக்கு என்ன வேண்டும்? பயப்படாமல் சொல்."

அவள் கையைப் பிசைந்தாள். "மகாராசா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். தளவாயைப் பத்திப் பொய் சொல்லிட்டேன். மன்னிக்கணும்."

தளவாய் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "கேட்டீர்களா மகாராஜா!"

"என்ன பொய்?" என்றார் அரசர்.

"இந்த வாளு வெள்ளரிக்காயைக்கூட வெட்டலை மகாராசா. அவரு கடிச்சுத்தான் தின்னிருக்காரு."