பக்கத்துத் தோள்

மலையின் பாதி உயரத்தில் ஒரு சுனை இருந்தது. காலையில் பனி இறங்கிவிட்டால் சுனைக்கு மேலே மலை இருக்காது. கீழே ஊர் இருக்காது. படிக்கட்டு மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து வந்து வெள்ளைக்குள் போகும்.

சுனைக்குப் பக்கத்தில் ஒரு பாறைக் குடைவில் ஒரு இளம் சாமியார் இருந்தார். படிகளில் விழும் சருகைப் பெருக்குவது அவர் வேலை. கேட்டால் பேசுவார். கேட்காவிட்டால் பெருக்குவார்.

அவருக்கு ஒரே ஒரு சீடர். பெயர் வெயிலுமுத்து. சாமியின் வயதில் அவருக்கு ஒரு மகன் இருந்தான். நடக்க முடியாதவர்களை டோலியில் உட்காரவைத்து உச்சிக் கோயிலுக்குத் தூக்கிப் போவது அவர் தொழில். இரண்டு மூங்கில் கம்புகள், நடுவில் ஒரு நாற்காலி. முன்னால் வெயிலுமுத்துவும் சங்கிலியும். பின்னால் கொம்பையாவும் மந்திரமும்.

டோலிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தோள் கடுத்துப்போனால் "மாத்து" என்று ஒரு குரல் வரும். நால்வரும் நின்று, ஒரே மூச்சில் கம்பைத் தலைக்கு மேல் தூக்கி, மறு தோளில் இறக்கிக்கொள்வார்கள். ஆனால் யாரும் தன் தோளுக்காக அந்தக் குரலைக் கொடுப்பதில்லை. பின்னால் வருகிறவர் முன்னால் போகிறவரின் கழுத்தைப் பார்த்துக் கொடுப்பார். முன்னால் போகிறவர் பின்னால் கேட்கும் மூச்சை வைத்துக் கொடுப்பார். எப்போது தொடங்கிய வழக்கம் என்று யாருக்கும் தெரியாது.

அன்று காலை நால்வரும் வெறும் டோலியோடு மேலிருந்து இறங்கி வந்து சுனையில் நின்றார்கள். மற்ற மூவரும் முகம் கழுவப் போனார்கள். வெயிலுமுத்து சாமியிடம் போனார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

துடைப்பம் நிற்கவில்லை. "கேளுங்க அண்ணாச்சி."

"போன மழைக்கு உங்க கால்ல முள்ளு ஏறுச்சு. முகத்தைக்கூடச் சுளிக்காம பிடுங்கிப் போட்டீங்க. அதைப் பார்த்த அன்னைக்கே எனக்குப் பாடம் கிடைச்சுட்டு. அதுல இருந்து நான் முனகுறது இல்ல. மூச்சு வாங்குறது வெளியே கேக்காது. தோள் எரிஞ்சாலும் கழுத்து அசையாது."

"அப்படியா?"

"தோளை ஜெயிச்சுட்டேன் சாமி. இந்த வலது முட்டிதான் மசிய மாட்டேங்கு."

"என்ன செய்யுது?"

வெயிலுமுத்து திரும்பிப் பார்த்தார். மற்ற மூவரும் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து இறக்கத்துல மடங்கிட்டு. டோலியில ஒரு கிழவி இருந்தா. கம்பு சடார்னு கீழ போய் நின்னுது. பாசி வழுக்கிட்டுன்னு சொல்லிட்டேன்."

"நம்பினாங்களா?"

"நம்பினாங்க. தெரிஞ்சா என்னைக் கம்புல இருந்து எடுத்துருவாங்க சாமி. எனக்கு வேற வேலை தெரியாது. மிச்சப் பாடத்தையும் சொல்லிக் குடுங்க. வலிய இல்லாம ஆக்குறது எப்படி?"

சாமி துடைப்பத்தைப் பாறையில் சாய்த்து வைத்தார். டோலியின் அருகே போய், நாற்காலியின் மேல் படிந்திருந்த பனியைக் கையால் துடைத்தார்.

"ஏறுங்க அண்ணாச்சி."

"நானா?"

சங்கிலி வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரித்தான். "அவரா? அவரு செத்தாக்கூட நடந்துதான் சாமி சுடுகாட்டுக்குப் போவாரு."

"மூணு பேரு எப்படித் தூக்க?" என்றார் கொம்பையா.

"நான் இருக்கேன்."

"சாமி, இது துடைப்பம் இல்ல."

"பிடிச்சாத்தான தெரியும்."

சாமி வெயிலுமுத்துவின் தோளிலிருந்த துண்டை எடுத்தார். நான்காக மடித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். முன்னால் போய் இடதுபக்கக் கம்பின் கீழ் குனிந்தார். மற்றவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. சங்கிலி ஒரு யானைக்குச் செய்வதுபோலக் கும்பிட்டு, "எழுந்தருளணும் அண்ணாச்சி" என்றான்.

வெயிலுமுத்து ஏறி உட்கார்ந்தார். தரை கீழே போனது.

"எதுவரைக்கும் சாமி?"

"சுமைதாங்கிக் கல் வரைக்கும்."

டோலி பனிக்குள் நுழைந்தது.

வெயிலுமுத்து இத்தனை காலமும் இந்தப் படிகளைப் பாதத்தால் மட்டுமே அறிந்தவர். இப்போது தான் ஏறுவதாகவே அவருக்குத் தோன்றவில்லை. மலைதான் இறங்கி வந்தது. படிகள் ஒவ்வொன்றாகப் பனியிலிருந்து கழன்று வந்து, தூக்குகிறவர்களின் காலடியில் படுத்து, பின்னால் கரைந்தன. ஒரு மரம் வந்தது. அதன் கிளையில் ஒரு குரங்கு குட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இரண்டும் அவரைப் பார்த்தன. பிறகு மரமும் இல்லை.

நாற்காலி மெல்ல ஆடியது. அவருடைய முட்டி எடையில்லாமல் தொங்கியது. அது தன்னுடையது இல்லை, யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப் போன ஒரு சிறு பிராணி, அது இப்போது தூங்குகிறது என்று நினைத்தார். அவருக்கும் கண் சொருகியது.

அப்போது ஒரு சத்தம் கேட்டது.

"அய்யோ... அம்மா..."

கண்ணைத் திறந்தார். முனகியது சாமி.

முதலில் அவருக்கு வெட்கமாக இருந்தது. சங்கிலி கேட்டிருப்பானே என்று பட்டது. சாமி இன்னும் நாலு படி ஏறி, இன்னும் உரக்க முனகினார். காளை மாட்டைப்போல மூச்சு விட்டார்.

"சாமி!"

"என்ன அண்ணாச்சி?"

"முனகுறீங்க."

"வலிக்குதே."

"முள்ளு குத்தினப்போ சத்தமே காட்டலையே?"

சாமி ஒரு படி ஏறினார். மூச்சை இழுத்துக்கொண்டார்.

"அது என் கால். இது நாலு பேர் கம்பு."

அதன்பிறகு அவரிடமிருந்து முனகல் மட்டும் வந்துகொண்டிருந்தது. வெயிலுமுத்துவின் கண்ணெதிரே சாமியின் கழுத்து இருந்தது. வியர்வையும் பனியும் அதில் கலந்து ஓடின. கழுத்தின் ஓரத்தில் ஒரு நரம்பு, மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும் வேர்போல மெல்ல மேலே வந்தது. தடித்தது. துடித்தது.

"மாத்து!"

குரல் தன்னுடையது என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

நால்வரும் நின்றார்கள். அவர் கம்புகளோடு சேர்ந்து உயர்ந்தார். ஒரு கணம் பனியின் நடுவில் எதன்மேலும் இல்லாமல் நின்றார். பிறகு மறு தோள்களின்மேல் இறங்கினார்.

டோலி நகர்ந்தது. இப்போது அவருக்குத் தூக்கம் வரவில்லை. கையைக் கம்பின்மேல் வைத்திருந்தார். மூங்கில் உள்ளங்கைக்குள் எதையோ சொல்லிக்கொண்டே வந்தது. பின்னால், இடதுபக்கம், ஒவ்வொரு படியிலும் ஒரு மூச்சு பாதியில் வெட்டுப்பட்டு நின்று, பிறகு மிச்சமாக வந்தது. கொம்பையாவின் மூச்சு. நெடுநாள் நோய்போலப் பழகிப்போன வெட்டு. தினமும் தன் முதுகுக்கு அடுத்தாற்போல் வந்த மூச்சு அது. தன் மூச்சை அடக்குவதிலேயே கவனம் இருந்ததால் அது காதில் விழாமல் போயிருந்தது.

"மாத்து" என்றார்.

"இப்பத்தான மாத்தினோம்?" என்றான் சங்கிலி.

"மாத்துல."

மாற்றினார்கள். பின்னாலிருந்த மூச்சு முழுதாக வந்தது.

சுமைதாங்கிக் கல் பனியிலிருந்து கறுப்பாக எழுந்து வந்தது. கம்பை அதன்மேல் சாய்த்து டோலியை இறக்கினார்கள். வெயிலுமுத்து எழுந்து நின்றார். இறங்கிய வேகத்தில் முட்டி சுருக்கென்றது. அவர் முகத்தைச் சுளித்தார். சுளித்ததை மறைக்கவில்லை.

"நேத்து வழுக்கினது பாசியில இல்ல" என்றார். "என் முட்டி மடங்கிட்டு. ரொம்ப நாளாவே சரியில்ல. உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

சங்கிலி தோள் துண்டை உருவித் தரையில் அடித்தான்.

"அந்தக் கிழவி உருண்டு போயிருந்தா?"

வெயிலுமுத்து தலை குனிந்தார்.

"அவ பேத்தி பின்னாலயே நடந்து வந்தாவே! 'பாத்துப் போங்க மாமா, பாத்துப் போங்க மாமா'ன்னு வழி முழுக்கச் சொல்லிக்கிட்டே வந்தா. கேட்டீரா நீரு?"

"கேட்டேன்."

"கேட்டுட்டுத்தான் பாசின்னீரா?"

"ஆமா."

சங்கிலி விலகிப்போய் ஒரு படியில் உட்கார்ந்தான். அவன் முகம் பனியில் பாதிதான் தெரிந்தது.

கொம்பையா சட்டைப் பொத்தானைக் கழற்றி, தோளை வெளியே காட்டினார். அது வீங்கி, நடுவில் கறுத்திருந்தது.

"இதைப் பாரும். உம்மளுக்காக நான் எதைப் பார்த்துக் குரல் குடுக்க? உம்ம கழுத்து சாமி சிலை மாதிரியில்லா ஆயிட்டு. உமக்கு வலிக்கலை போலன்னு நானும் பேசாம வந்தேன். என் மூச்சு உமக்குக் கேக்கும், குரல் வரும்னு பார்த்தேன். அதுவும் வரலை."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"தன் தோளுக்கு எவன்வே தானே கேப்பான்?"

பனி அவர்களுக்கு நடுவே புகுந்து போனது. கொம்பையா இருந்தார். இல்லாமல் போனார். மறுபடி இருந்தார்.

படியிலிருந்து சங்கிலியின் குரல் வந்தது. "கீழ ஆள் காத்துக்கிட்டிருக்கும்."

"என் இடத்துக்கு வேற ஆள் பாருங்க" என்றார் வெயிலுமுத்து. சொல்லிவிட்டு, அந்தச் சொல் எங்கே போய் விழும் என்று காத்திருந்தார்.

"பாக்கத்தான் போறோம். இறக்கத்துக்கு" என்றான் சங்கிலி. "இனிமே இறங்குறப்போ நீரு கம்பைத் தொடக் கூடாது. தொட்டா நானே கையை ஒடிச்சிருவேன். முன்னால நடந்து போய் எந்தப் படி வழுக்கும், எது உடைஞ்சிருக்குன்னு சொல்லும்."

"ஏறுறப்போ?"

சங்கிலி கொம்பையாவைப் பார்த்தான். கொம்பையா மந்திரத்தைப் பார்த்தார். மந்திரம் தலையை அசைத்தான்.

"ஏறுறப்போ பழைய இடத்துலயே நில்லும்" என்றார் கொம்பையா. "ஆனா ஒண்ணு. முனகணும். எனக்குக் கேக்குற மாதிரி நல்லா முனகணும்."

"அதுக்கும் ஒரு சாமிகிட்டப் போய்ப் பாடம் படிக்கப் போறாரு" என்றான் சங்கிலி. சொன்ன பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கோபம் முழுக்கப் போகவில்லை. சிரிப்பு அதன் ஓரமாக வந்தது.

மந்திரம் இடுப்பிலிருந்து ஒரு சின்னத் தைலப் புட்டியை எடுத்து ஒவ்வொருவர் கையிலும் ஊற்றினான். சங்கிலி கொம்பையாவின் தோளைப் பிடித்துக்கொண்டான். கொம்பையா "மெதுவா, மெதுவால" என்று கத்தினார். சூடம் மணத்தது.

சாமி கல்லின் கீழ்ப்படியில் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். வெயிலுமுத்து அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"சாமி."

"ம்."

"வலிய இல்லாம ஆக்குறது எப்படின்னு கேட்டேன். நீங்க இன்னும் அதுக்குப் பதில் சொல்லலையே?"

சாமி துண்டை எடுத்துவிட்டு அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"கொஞ்சம் தேய்ச்சு விடுங்க அண்ணாச்சி. அந்த இடத்துக்கு எனக்குக் கை எட்டலை."